கானகத்தில் ஒரு பேரேடு: கன்ஹேரிக் குகைகளும் நம் ஊர்ச் சமணர் படுகைகளும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் இரவு என் பேரன் தொலைக்காட்சியில் மத்திய அமெரிக்காவின் மாயர் கோயில்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரங்களுக்கு மேலே கோபுரம் போல் எழும் கல் கட்டடம், வேர் சுற்றிய படிக்கட்டு, குரங்குக் கூச்சல். பார்த்து முடித்தவன் என்னிடம் திரும்பி, "தாத்தா, நம்ம நாட்டுல இந்த மாதிரி காட்டுக்குள்ள மறைஞ்சு கெடக்குற எடம் எதுவும் இல்லையா?" என்றான்.

"இருக்குடா. அதுக்கு விமானம் ஏற வேண்டாம். செம்பூர்ல ரயில் ஏறி, குர்லாவுல மாறி, தாதர்ல மாறி, போரிவலியில எறங்கினா போதும்" என்றேன். அவன் நம்பவில்லை. மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் போரிவலி என்றால் புலி சஃபாரியும் சின்ன ரயிலும்தான். அதற்கும் அப்பால் காட்டுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைக் கொண்ட ஒரு கல் நகரம் இருக்கிறது என்பதை நம்மவர் வீடுகளில் பலர் அறிந்திருக்கவில்லை. அறிந்தவர்களும் 'எல்லாம் பௌத்தக் குகை, நமக்கென்ன' என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கென்ன என்பதற்கு விடை சொல்லவே இக்கட்டுரை. துணி வியாபாரம் செய்பவன் நான். கல்லூரியில் வரலாறு படித்தவன் அல்லன். கடை மூடிய பிறகு, இரவில் புத்தகம் படித்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லைப் பார்த்தும் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

காடு முதலா, ஊர் முதலா?

மாயர் நகரங்களைப் பற்றி நம் மனத்தில் ஒரு படம் உண்டு: அடர்ந்த காட்டுக்குள் போய் யாரோ கோயில் கட்டினார்கள் என்று. உண்மை அதுவன்று. குவாதமாலா நாட்டுத் திக்கால் போன்ற இடங்களில் முதலில் இருந்தது ஊர், வயல், சாலை, மழைநீரைத் தேக்கிய குளம். 9ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்நகரங்கள் பலவும் சீர்குலைந்து, மக்கள் விட்டுப் போன பிறகுதான் மரங்கள் மூடிக்கொண்டன. 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், விமானத்திலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி, இலைகளுக்கு அடியில் உள்ள தரையை அளந்து பார்த்தார்கள். பெத்தேன் காட்டில் சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் 60,000க்கு மேற்பட்ட கட்டடச் சுவடுகள் தெரிந்தன. காடு என்று நினைத்தது ஒரு காலத்து ஊர்களின் வரிசை.

இதே பாடத்தைக் கன்ஹேரிக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். இன்று நமக்கு அது காட்டின் நடு. அன்று அது இரண்டு பெருந்துறைமுகங்களுக்கு இடையில் இருந்த மலை. ஒரு பக்கம் கல்யாண், மறு பக்கம் சோப்பாரா. அதாவது இன்றைய நாலா சோப்பாரா, லோக்கல் ரயிலில் ஏறவும் இறங்கவும் முடியாமல் நாம் திண்டாடுகிற அதே ஊர். 1ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு நூல் இவ்விரு துறைகளையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. நம் முசிறியும், அரிக்கமேடு என்று அறிஞர் கருதும் பொதுக்கேயும் அதே நூலில் வருகின்றன. கொங்கணக் கரையையும் தமிழகக் கரையையும் ஒரே கடல், ஒரே வாணிகம் இணைத்திருந்தது.

போரிவலிக் காட்டுக்குள்

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. ஒரு மாநகரின் எல்லைக்குள் இவ்வளவு பெரிய காடு இருப்பது உலகிலேயே அரிது. உள்ளே சிறுத்தைகள் வாழ்கின்றன. வார்லி ஆதிவாசி மக்களின் பாடாக்கள் இருக்கின்றன. மும்பைக்குக் குடிநீர் தந்த முதல் ஏரியான விஹாரும் (1860), அடுத்து வந்த துளசியும் (1879) இக்காட்டின் மடியில்தான் உள்ளன. பெரிய வாயிலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே போனால் கன்ஹேரி.

பழைய கல்வெட்டுகளில் இதன் பெயர் கண்ஹசேலம், அதாவது கரிய மலை. கிருஷ்ணகிரி என்பதும் அதே பொருள்தான். அதுவே மருவிக் கன்ஹேரி ஆயிற்று. எரிமலைப் பாறையால் ஆன மலை அது. கிறிஸ்து பிறப்பை ஒட்டிய காலத்தில் வெட்டத் தொடங்கி, ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகள் பௌத்தத் துறவிகள் அங்கு வாழ்ந்திருக்கிறார்கள். நம் குடியிருப்புச் சங்கங்கள் நாற்பது ஆண்டுகளில் கட்டடத்தை இடித்துப் புதுப்பிக்கப் பேசுகின்றன. ஓராயிரம் ஆண்டு என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்களேன்.

மூன்றாம் எண் குகைதான் முதன்மையானது. சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணி காலத்தில், அதாவது 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், வணிகர்களான சகோதரர் இருவர் எடுத்தது. 34 தூண்கள், கோடியில் ஸ்தூபம், முன் மண்டபத்தின் இரு ஓரங்களிலும் பிற்காலத்தில் செதுக்கிய ஏறத்தாழ 7 மீட்டர் உயரப் புத்தர் உருவங்கள். பதினோராம் குகை ஒரு பெரிய கூடம். தரையில் நீளமாக இரண்டு கல் மேடைகள். நாற்பத்தோராம் குகையில் பதினொரு தலை கொண்ட அவலோகிதேசுவரர். மலை மேலே ஏறினால் வரிசை வரிசையாகச் சிறு குகைகள்: ஒரு திண்ணை, ஓர் அறை, ஒரு கல் படுக்கை, வாசலில் ஒரு தொட்டி. தாராவியில் ஓர் அறையில் குடும்பம் நடத்திய நம்மவருக்கு அந்த அளவு பழக்கப்பட்டதாகவே தெரியும்.

மழையும் கல்லும்

துறவிக்கு நிலையான வீடு கூடாது என்பது சமணத்துக்கும் பௌத்தத்துக்கும் பொது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் நடந்தால் ஈர மண்ணில் முளைத்தும் ஊர்ந்தும் வருகிற சிற்றுயிர்கள் காலடியில் மடியும். ஆகவே பௌத்தத் துறவிகள் மூன்று மாதமும் எங்கள் சமண முனிவர்கள் நான்கு மாதமும் ஒரே இடத்தில் தங்குவர். இதனை நாங்கள் சாதுர்மாசம் என்போம். இந்த மழைக்கால உறைவிடத்தின் தேவையிலிருந்து பிறந்தவைதான் மலைக்குகைப் பள்ளிகள். காட்டுக்குள் இருந்தால் தனிமை கிடைக்கும். அதே நேரம் பிச்சைக்கு நடந்துபோகும் தொலைவில் ஊரும் இருக்க வேண்டும். ஊருக்குள்ளும் இல்லாமல் ஊரை விட்டு மிகவும் விலகாமலும் இருப்பதே அவர்கள் தேர்ந்த இடம்.

மும்பை மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு மாதத்தில் 2000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். மற்ற எட்டு மாதம் சொட்டு விழாது. கன்ஹேரி மலையின் மேற்பரப்பில் சற்றுக் குனிந்து பார்த்தால், பாறையில் விரல் அகலத்திலும் கை அகலத்திலும் வாய்க்கால்கள் ஓடுவது தெரியும். மலை முகட்டில் விழுகிற நீர் அவற்றின் வழியே இறங்கி ஒவ்வொரு குகை வாசலிலும் உள்ள தொட்டியில் சேரும். ஒன்று நிறைந்து வழிந்தால் கீழே உள்ளதற்குப் போகும். இந்தத் தொட்டிக்குக் கல்வெட்டுகளில் 'போடி' என்று பெயர். குகை தானம் கொடுத்த பலர் கூடவே தொட்டியையும் வெட்டிக் கொடுத்ததாகப் பொறித்திருக்கிறார்கள். ஒரு சாதவாகன அரசியின் அமைச்சர் வெறும் நீர்த்தொட்டி ஒன்றையே தானமாகத் தந்து கல்வெட்டும் எழுதியிருக்கிறார். லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய நாம் அந்த அமைச்சரை மதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாறை வேறு. நம் ஊர்க் கருங்கல்லை அக்காலத்து உளியால் குடைவது கடினம். ஆகவே இயற்கையான குகைத்தளங்களைத் தேர்ந்து, தரையில் வழவழப்பான படுக்கைகளும் தலைமாட்டில் மேடும் மட்டும் செதுக்கினார்கள். மேலே குகையின் நெற்றியில் புருவம் போல ஒரு காடி வெட்டினார்கள். பாறை மேல் வழிந்து வரும் மழைநீர் உள்ளே போகாமல் அந்த விளிம்பில் சொட்டிவிடும். அதன் அருகில்தான் தமிழின் மிகப் பழைய எழுத்துகளில் சில உள்ளன. அங்கே குடைந்தார்கள், இங்கே வடித்தார்கள். இரண்டும் மழையை நினைத்துச் செய்த வேலை.

பேரேட்டில் யார் யார்?

கன்ஹேரியின் கல்வெட்டுகளைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் உணர்வு, ஒரு பழைய கடையின் பேரேட்டைப் புரட்டுவது போன்றது. பெயர், ஊர், தொழில், கொடுத்தது என்ன, எதற்காக, அவ்வளவுதான். அரசர்கள் குறைவு. கல்யாணிலிருந்து ஒரு பொற்கொல்லர், கல்யாணிலிருந்து ஒரு கருமான், சோப்பாராவிலிருந்து ஒரு மணி வேலைக்காரர், இன்னும் வணிகர்கள், இல்லத்தரசிகள், பிக்குணிகள். தாராவியில் ஒரு சந்தில் நடந்தால் கேட்கிற தொழில்கள் அத்தனையும் அந்த மலையில் இருக்கின்றன.

இங்கே தமிழர் கவனிக்க வேண்டிய ஒன்று. மணிமேகலைக் காப்பியத்தில், சோழ மன்னனின் மண்டபத்தைக் கட்டிய கைவினைஞர் பட்டியலில் மராட்டக் கம்மியரும் வருகிறார்கள். கல்யாண் கருமானைக் கல்வெட்டு 'கமார' என்கிறது; காப்பியம் 'கம்மர்' என்கிறது. ஆக, மராட்டியத்துத் தொழிலாளி பிழைப்புக்காகக் காவிரிப்பூம்பட்டினம் வந்த செய்தி நம் இலக்கியத்திலேயே பதிவாகியிருக்கிறது. நாம் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் வந்தது ஏதோ புதிய வழக்கம் என்று எண்ண வேண்டாம். அது பழைய கணக்கின் எதிர்ப் பக்கம்.

தானம் கொடுத்த முறையும் வியாபாரிக்கு விளங்கும் முறைதான். 'அட்சயநீவி' என்பார்கள். அதாவது தேயாத முதல். ஒரு நிலத்தையோ பணத்தையோ வைப்பாகக் கொடுத்துவிட்டால், முதலைத் தொடக்கூடாது. வரும் வருவாயிலிருந்து துறவிகளுக்கு ஆடையும் காலணியும் வாங்க வேண்டும். நம் சோழர் காலக் கோயில்களில் நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்து, அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று பொறித்தார்கள் அல்லவா? ஆடு சாகும், குட்டி போடும், ஆனால் எண்ணிக்கை குறையக்கூடாது. ஊர் வேறு, மொழி வேறு, மதம் வேறு, கணக்கு ஒன்றே.

எங்கள் சமயத்தவர் மனம் நெகிழ்கிற செய்தி ஒன்றும் கன்ஹேரியில் உண்டு. 9ஆம் நூற்றாண்டில் இப்பகுதி இராட்டிரகூடப் பேரரசர் அமோகவர்ஷரின் ஆட்சியில் இருந்தது. அவர் ஜினசேனர் என்னும் சமண ஆசாரியரைக் குருவாகக் கொண்டவர். அவர் பெயரைச் சொல்லித் தொடங்கும் கல்வெட்டுகள் இந்தப் பௌத்தப் பள்ளியில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, வங்கத்தின் கௌட நாட்டிலிருந்து வந்த ஒருவர் 100 திரம்மம் வைப்பு நிதி தந்ததைச் சொல்கிறது. சமணம் சார்ந்த அரசர், பௌத்த மடம், வங்கத்து அன்பர், கொங்கணத்து மலை. மதங்கள் எப்போதும் சண்டையிட்டே வாழ்ந்தன என்று பேசுவோர் இந்தக் கல்லை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நிகமம்: ஒரே சொல், இரண்டு மலை

கன்ஹேரியில் தானம் தந்த வணிகர் பலர் தம்மை 'நேகம' என்று குறிக்கிறார்கள். வணிகக் குழுவைச் சேர்ந்தவர் என்று பொருள். இந்தச் சொல்லை நான் முதன்முதலில் படித்தபோது, எங்கோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. பிறகு நினைவுக்கு வந்தது மாங்குளம்.

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் உள்ளே திரும்பினால் மீனாட்சிபுரம் என்னும் சிற்றூர். அங்குள்ள மலைதான் மாங்குளம் குகைத்தளம். 1882இல் இராபர்ட் சீவெல் என்னும் ஆங்கில அதிகாரி இந்தக் கல்வெட்டுகளைக் கண்டார். யாராலும் படிக்க முடியவில்லை. 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர்தான் இத்தகைய குகை எழுத்துகள் பிராமி வடிவில் எழுதிய தமிழ் என்று எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவர்கள் வாழ்நாள் உழைப்பால் தெளிவாக வாசித்து 2003இல் பெருநூலாக வெளியிட்டார். அக்கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்னும் பாண்டியன் பெயர் வருகிறது. கணி நந்தன் என்னும் சமண ஆசான் பெயர் வருகிறது. வெள்ளறை என்னும் ஊரின் 'நிகமத்தார்' தானம் தந்தது வருகிறது. கன்ஹேரியின் நேகமவும் மாங்குளத்தின் நிகமமும் ஒரே சொல். ஆண்டிலும் தூரத்திலும் வேறுபட்ட இரண்டு மலைகளில் ஒரே வகை மனிதர்கள் ஒரே வகைச் செயலைச் செய்திருக்கிறார்கள்.

அழகர்மலைக் குகைக்குப் போனால் இன்னும் நெருக்கம். அங்கே உப்பு வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், வெல்லப்பாகு விற்றவன் ஒருவன், 'அறுவை வணிகன்' ஒருவன். அறுவை என்றால் துணி. ஆம் ஐயா, என் தொழில். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு துணி வியாபாரி ஒரு சமண முனிவர் படுக்கக் கல்லைச் செதுக்கிக் கொடுத்துவிட்டு, தன் தொழிலையும் சேர்த்து எழுதியிருக்கிறான். அதைக் கண்டபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மலை உச்சியில் தனியாக உட்கார்ந்துவிட்டேன். நாம் பேசும் 'பள்ளி' என்ற சொல்லே இந்தப் படுக்கைகளிலிருந்து வந்ததுதான். முனிவர் படுத்த இடம் பள்ளி, அங்கேயே பிள்ளைகள் படித்ததால் அது பள்ளிக்கூடம்.

இத்தகைய பழந்தமிழ் எழுத்துள்ள குகைத்தளங்கள் தமிழகத்தில் சுமார் 30. பெரும்பாலும் மதுரையைச் சுற்றி. ஊர் மக்கள் அவற்றைப் 'பஞ்சபாண்டவர் படுக்கை' என்பார்கள். ஒரு மலையடியில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் என்னிடம், "அஞ்சு பேரும் வனவாசத்துல இங்கதான் படுத்தாங்க, அந்தப் பெரிய கட்டில் பீமனுக்கு" என்று விளக்கினார். நான் மறுக்கவில்லை. எங்கள் முன்னோர் பெயரை ஊர் மறந்துவிட்டது உண்மைதான். ஆனால் பாண்டவர் படுத்த இடம் என்று நம்பியதால்தானே அந்தக் கல்லை யாரும் உடைக்கவில்லை!

நான் செய்த பிழை

இனி ஒரு வெட்கத்தைச் சொல்ல வேண்டும். 1978இல், வந்தவாசிப் பக்கத்திலிருந்து மும்பை வந்து ஓராண்டு ஆன கடைப் பையன் நான். தீபாவளி வேலை முடிந்த ஒரு ஞாயிறு, கடைப் பையன்கள் நால்வர் கன்ஹேரிக்குப் போனோம். எவருக்கும் அது என்ன இடம் என்று தெரியாது. பூரி, உருளைக்கிழங்கு தின்றோம், கத்தினோம், எதிரொலி கேட்டோம். ஒரு சிறு குகையின் சுவரில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தையும் என் ஊர்ப் பெயரையும் தமிழில் கீறினேன்.

பல ஆண்டு கழித்துப் பிராமி எழுத்துகளை ஓரளவு கூட்டிப் படிக்கப் பழகியபின், புத்தகமும் கையுமாகத் திரும்பப் போனேன். ஒவ்வொரு குகையாகத் தேடிக்கொண்டு வந்தவன், என் எழுத்தையே கண்டேன். நன்றாக ஆழமாகக் கீறியிருந்தேன். கல்யாண் கருமான் ஒரு குகையைக் கொடுத்துவிட்டுப் பெயர் எழுதினான். நான் எதையும் கொடுக்காமல் எழுதினேன். பேரேட்டில் வரவு இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று வியாபாரிக்குத் தெரியும்.

பேரனை அழைத்துப் போனபோது இதை அவனுக்குக் காட்டினேன். அவன் சும்மா இருப்பானா? சற்று முன்தான் தொண்ணூறாம் குகையில் பாரசீகப் பஹ்லவி எழுத்துகளைக் காட்டியிருந்தேன். 1009ஆம் ஆண்டிலும் 1021ஆம் ஆண்டிலும் அங்கு வந்த பார்சிகள் தங்கள் பெயர்களையும் வந்த நாளையும் பொறித்துச் சென்றவை அவை. "அவங்களும் சுத்திப் பார்க்க வந்தவங்கதானே? அவங்க எழுதினா சரித்திரம், நீங்க எழுதினா தப்பா?" என்றான்.

என்னிடம் பாதி விடைதான் இருந்தது. அவர்கள் தந்தை பெயரோடு தங்கள் பெயர்களை வரிசையாக எழுதி, மாதமும் நாளும் ஆண்டும் குறித்தார்கள். வந்தோம், கண்டோம் என்று சாட்சி வைத்தது போல. மேற்குக் கடற்கரையில் பார்சிகள் வாழ்ந்ததற்கு அது அரிய சான்று. ஆனால் அன்று எழுதுவதற்கு வேறு வழி இல்லை. இன்று நமக்கு நோட்டுப் புத்தகம் உண்டு, படமெடுக்கும் கருவி உண்டு. அந்தக் காலத்தில் நூறாண்டுக்கு ஒரு கூட்டம் எழுதியிருக்கலாம். இன்று ஞாயிறுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஆளுக்கு ஓர் எழுத்து கீறினால் இருபது ஆண்டில் பழைய எழுத்து ஒன்றும் மிஞ்சாது. இவ்வளவும் சொன்னேன். பையன் கேட்டுக்கொண்டு, "அப்போ அழிச்சிடலாமா?" என்றான். அதையும் செய்யக்கூடாது, தேய்த்தால் பாறைதான் கெடும். செய்த பிழை அங்கேயே இருக்கும். அதுதான் தண்டனை என்றேன். சட்டத் தண்டனையும் உண்டு: 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று கூறுகின்றன.

ஆணி கீறியதும், எந்திரம் அறுத்ததும்

என் ஆணி ஒரு சாண் சுவரைக் கெடுத்தது. நம் ஊர் மலைகளுக்கு வந்த ஆபத்து அதனினும் பெரிது. கன்ஹேரியைத் தேசியப் பூங்கா என்னும் வேலி காத்து நிற்கிறது. மதுரை மலைகளுக்கு அப்படி வேலி இல்லை. மேலூர், கீழவளவு வட்டாரத்தில் கிரானைட் வெட்டியதில் மலைகள் பலவும் குழிகளாயின. 2012இல் அது பெரிய விசாரணைக்கு உள்ளாயிற்று.

நல்ல செய்தியும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைத் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதல் அறிவிப்பு அது. நாம் மேலே பார்த்த மாங்குளம் மலை இந்த மீனாட்சிபுரத்தில்தான் உள்ளது. அரிட்டாபட்டியிலோ சமணர் படுகை, தீர்த்தங்கரர் சிற்பம், பாண்டியர் காலச் சிவன் குடைவரை மூன்றும் ஒரே ஊரில். ஆயினும் இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அவ்வட்டாரத்தை உள்ளிட்ட சுமார் 2,000 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் எழுந்தார்கள். மேலூர் பகுதி விவசாயிகள் மதுரைக்கு ஊர்வலம் போனார்கள்; சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது; 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது.

அந்தப் போராட்டத்தில் நின்றவர்களில் சமணர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். 'எங்க மலை' என்று நின்றவர்கள், ஏரியில் நீர் வற்றிவிடும் என்று அஞ்சிய குடியானவர்களும், மலையில் கோயில் கும்பிடுகிற பெண்களும். அவர்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். எங்கள் சமுதாயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பக்தியின் பேரில் பழைய அருகன் சிற்பத்துக்கு எனாமல் வண்ணம் பூசுவதும், கல்வெட்டுள்ள தரையில் டைல்ஸ் பதிப்பதும் நம் பக்கமும் நடக்கிறது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் எழுத்து போனது போனதுதான்.

போகிறவர்களுக்கு

கன்ஹேரிக்குக் குடும்பத்தோடு செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். திங்கட்கிழமை பூங்கா விடுமுறை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம், காலையிலேயே போய்விடுங்கள். மழைக்காலத்தில் போனால் வாய்க்கால்களில் நீர் ஓடுவதைக் கண்ணால் காணலாம், ஆனால் பாறை வழுக்கும். முதியோரும் சிறுவரும் கவனம். வாயிலிலிருந்து பூங்கா வண்டி கிடைக்கும். உணவுப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் குரங்குக்குத்தான் விருந்து. வழியில் ஆதிவாசிப் பெண்கள் வெள்ளரிக்காய் விற்பார்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள், அவர்கள்தான் அக்காட்டின் வீட்டுக்காரர்கள்.

முதலில் மூன்றாம் குகை, பிறகு பதினொன்று, அதன்பின் மேலே ஏறித் தொட்டிகளையும் வாய்க்கால்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, எங்கே போகுது' என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். முதல் எண் குகை பாதி வேலையோடு நின்றது. குகை எப்படிக் குடைவார்கள் என்பது முடிந்த குகையைவிட முடியாத குகையில் நன்றாகத் தெரியும்.

அதன்பின், ஊருக்குப் போகும்போது ஒரு நாளை ஒதுக்குங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி அன்பர்களுக்குக் கழுகுமலை, மதுரைக்காரர்களுக்கு மாங்குளமும் அழகர்மலையும் சமணமலையும், புதுக்கோட்டைக்காரர்களுக்குச் சித்தன்னவாசல், கன்னியாகுமரிக்காரர்களுக்குச் சிதறால், கரூர்க்காரர்களுக்குப் புகலூர். அங்கே கருவூர்ப் பொன் வணிகன் ஒருவன் பெயர் காத்திருக்கிறது. கல்யாண வீட்டுக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் இடையில் அரை நாள் போதும். அந்த மலையைப் பார்க்க மும்பையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது என்று ஊரில் நாலு பேர் பேசினால், அம்மலைக்கு அது ஒரு வேலி.

நானும் பேரனும் கன்ஹேரியிலிருந்து இறங்கும்போது மாலை நான்கு. பையன் பாறையில் உட்கார்ந்து நோட்டில் எதையோ எழுதினான். பார்த்தேன். தேதி, அவன் பெயர், அவன் அப்பா பெயர், என் பெயர், 'வந்தோம், பார்த்தோம், சுவரைத் தொடவில்லை' என்று எழுதியிருந்தான். பார்சிகள் எழுதிய அதே முறை. கல்லில் அல்ல, காகிதத்தில். அந்தத் தாளை எங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.